யாரைக் கேட்டு வேலைநிறுத்தம்?

2016 ஏப்ரல் 18, திங்கட்கிழமை. பெங்களூரிலிருந்து ஓசூர் போகும் சாலையில், பொம்மனஹள்ளிப் பக்கம், ஆயத்த ஆடைத் தொழிலாளர்கள் ஆலையை விட்டு வெளியே வந்து நடுச்சாலையில் உட்கார்ந்தார்கள். மறுநாள் கூட்டம் பல மடங்கு பெருகியது. ஜாலஹள்ளி, பீன்யா, மைசூர் சாலை என்று நகரத்தின் பல மூலைகளிலும் தையல் இயந்திரங்கள் நின்றன. தெருவுக்கு வந்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல் என்று பத்திரிகைகள் கணக்கிட்டன. அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஹெப்பகோடியில் நிலைமை கைமீறிப் போனது. காவல் நிலையத்தின் மேல் கற்கள் விழுந்தன. வளாகத்தில் நிறுத்தி வைத்திருந்த பறிமுதல் வண்டிகள் எரிந்தன. தடியடி, கண்ணீர்ப்புகை என்று போலீஸ் இறங்கியது. அன்று இரவுக்குள் மத்திய தொழிலாளர் அமைச்சர் பண்டாரு தத்தாத்ரேயா, வருங்கால வைப்பு நிதி பற்றிய புதிய அறிவிக்கையை அரசு கைவிடுவதாகச் சொல்லிவிட்டார்.

அந்த ஆண்டு பிப்ரவரி 10 அன்று வந்த அறிவிக்கை அது. வேலையை விட்டு நிற்கும் தொழிலாளி தன் பங்கையும் அதன் வட்டியையும் மட்டும்தான் எடுக்கலாம், முதலாளி போட்ட பங்கு 58 வயது வரைக்கும் கணக்கிலேயே கிடக்கும் என்றது அரசு. முதலாளி செலுத்தும் 12 சதவீதத்தில் 8.33 ஓய்வூதியத் திட்டத்துக்குப் போய்விடுகிறது. வைப்பு நிதிக்கு வந்து சேர்வது 3.67தான். அந்தச் சிறு தொகையைக்கூட விட முடியாத நிலையில் இருந்தவர்கள்தான் சாலைக்கு வந்தார்கள். ஆடை ஆலையில் 58 வயது வரை மிஷினில் உட்காருபவர்கள் அபூர்வம். சில ஆண்டுகள் தைத்துவிட்டு, பிள்ளையின் பள்ளிக்கட்டணத்துக்கோ தங்கை கல்யாணத்துக்கோ பி.எஃப். பணத்தை எடுத்துக்கொண்டு, பிறகு வேறொரு ஆலையில் சேர்வதுதான் அங்கே நடைமுறை. அவர்களுக்கு அது முதுமைக்கான நிதி என்பதைவிட, வட்டிக்கடைக்குப் போகாமல் காப்பாற்றும் சேமிப்பு.

இந்தப் போராட்டத்துக்கு எந்தச் சங்கமும் அழைப்பு விடவில்லை. நோட்டீஸ் இல்லை, பொதுக்குழு இல்லை, கோரிக்கைப் பட்டியல் இல்லை. பெங்களூரில் ஆடைத் தொழிலாளர் சங்கங்கள் இருக்கின்றன, உழைக்கவும் செய்கின்றன. ஆனால் அவற்றில் சேர்ந்தவர்கள் மொத்தத் தொழிலாளர்களில் ஒரு சிறு பகுதிதான். இரண்டு நாளில் மத்திய அரசைப் பணிய வைத்த போராட்டம் என்று அதைப் பலரும் கொண்டாடினார்கள். கொண்டாட வேண்டிய வெற்றிதான். அதற்குப் பின்னால் தடியடி வாங்கிய உடம்புகளும், போலீஸ் வழக்குகளும் இருந்தன என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

ஹெப்பகோடியிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, சந்தாபுராவை ஒட்டி, ஹீலலிகே ரயில் நிலையம் இருக்கிறது. சேலம், தருமபுரி, ஓசூர் வழியாகப் பெங்களூருக்கு வரும் ரயில்கள் இந்தப் பாதையில்தான் வருகின்றன. ஆடைத் தொழிலாளர்கள் தெருவில் இறங்கியதற்கு இரண்டு மாதம் முன்னால், அதே 2016 பிப்ரவரியில், நாடு முழுவதும் ரயில்வேத் தொழிலாளர்கள் வேறொரு விதமாகப் போராட்டத்துக்குத் தயாரானார்கள். வாக்களித்தார்கள்.

அகில இந்திய ரயில்வேமென் சம்மேளனம், சுருக்கமாக ஏ.ஐ.ஆர்.எஃப்., நடத்திய ரகசிய வாக்கெடுப்பு அது. தொழிலாளர் மத்தியில் அதற்கு 'ஸ்டிரைக் பாலட்' என்றே பெயர். வாக்குப் பெட்டி தொழிலாளி இருக்கும் இடத்துக்கு, பணிமனைக்கும் லோகோ ஷெட்டுக்கும் நிலையத்துக்கும் வரும். சீட்டில் இருப்பது ஒரே கேள்வி: கோரிக்கைகளை அரசு ஏற்காவிட்டால் காலவரையற்ற வேலைநிறுத்தத்துக்குச் சம்மதமா? ஆம் அல்லது இல்லை. ஒன்றைக் குறித்து, மடித்து, பெட்டியில் போட்டுவிட்டுத் திரும்ப வேலைக்குப் போகவேண்டியதுதான். பாதையில் நடந்து ஆணி, கீ சரிபார்க்கும் டிராக்மேனின் சீட்டும் ரயிலோட்டும் லோகோ பைலட்டின் சீட்டும் எண்ணும்போது ஒன்றுதான். சம்பளத்தில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இருக்கிற ஒரு துறையில், கடைநிலை ஊழியரின் குரலுக்கு அதே எடை கிடைப்பது சின்ன விஷயமில்லை.

ரகசியம் ஏன் வேண்டும்? பொதுக்கூட்டத்தில் கை தூக்கச் சொன்னால் பக்கத்தில் நிற்பவனைப் பார்த்துத் தூக்கும் கைகள் உண்டு. மேலதிகாரி பார்ப்பாரோ என்று தூக்காத கைகளும் உண்டு. வேலைநிறுத்தம் வேண்டாம் என்று நினைக்கிறவனைத் துரோகி என்பார்கள். வேண்டும் என்கிறவனுக்கு இடமாற்றல் வரும். அடகு வைத்த நகைக்கு வட்டி கட்டவேண்டிய மாதத்தில் சம்பளம் நின்றால் என்ன ஆகும் என்று வீட்டில் கணக்குப் போட்டுப் பார்த்தவனுக்கு, இரண்டு பக்கத்துக் கண்ணிலும் படாமல் பதில் சொல்ல ஓர் இடம் வேண்டும்.

அந்தக் கணக்கு கடுமையானது. வேலை செய்யாத நாளுக்குச் சம்பளம் இல்லை என்பதை உச்ச நீதிமன்றம் 1990இலேயே உறுதி செய்துவிட்டது. சம்பளப் பட்டுவாடாச் சட்டத்தில் இன்னொரு ஷரத்து இருந்தது. பத்துப் பேரோ அதற்கு மேலோ கூடிப் பேசி, முறையான நோட்டீஸ் இல்லாமல் வேலைக்கு வராவிட்டால், எட்டு நாள் சம்பளம் வரைக்கும் பிடிக்கலாம் என்றது. சட்டங்களைத் தொகுத்தபோது 2019ஆம் ஆண்டின் ஊதியத் தொகுப்பிலும் அது அப்படியே வந்து சேர்ந்துவிட்டது. அரசு ஊழியருக்கு 'டைஸ்-நான்' என்ற சொல் நன்றாகத் தெரியும். அந்த நாள் பணிக்காலத்தில் சேராது.

இந்த விலையை பெங்களூர் தொழிலாளர்கள் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். 1980 டிசம்பர் கடைசியில் எச்.ஏ.எல்., பி.இ.எல்., பி.இ.எம்.எல்., எச்.எம்.டி., ஐ.டி.ஐ. ஆகிய ஐந்து பொதுத்துறை நிறுவனங்களின் தொழிலாளர்கள் சேர்ந்து வேலையை நிறுத்தினார்கள். பி.எச்.இ.எல். தொழிலாளருக்குக் கிடைத்த சம்பளம் தங்களுக்கும் வேண்டும் என்பது கோரிக்கை. 77 நாள் நீடித்து 1981 மார்ச்சில் முடிந்தது. இரண்டரை மாதச் சம்பளம் போனது. சமச் சம்பளக் கோரிக்கை கைகூடவில்லை. நகரத்தின் தொழிற்சங்க வரலாற்றில் அதற்கு முன், அதற்குப் பின் என்று பிரித்துப் பேசுகிற அளவுக்கு ஆழமாக விழுந்த அடி அது.

2016இல் ரயில்வேத் தொழிலாளர்களின் சண்டை இரண்டு எண்களுக்கு நடுவே நடந்தது. 18,000, 26,000. நீதிபதி அசோக் குமார் மாத்தூர் தலைமையிலான ஏழாவது ஊதியக் குழு 2015 நவம்பர் 19 அன்று அறிக்கை கொடுத்தது. மத்திய அரசின் கடைநிலை ஊழியருக்குக் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் 18,000 ரூபாய் என்றது. 26,000 வேண்டும் என்று கேட்டிருந்தன சங்கங்கள். பழைய குறைந்தபட்சம் 7,000. 7,000 எங்கே, 18,000 எங்கே என்று வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்குத் தோன்றும். ஆனால் அப்போது அகவிலைப்படி 125 சதவீதம். ஆக, ஊழியர் ஏற்கெனவே கையில் வாங்கிக்கொண்டிருந்தது 15,750. புதிய சம்பளத்தில் உண்மையாகக் கூடியது 2,250 ரூபாய், அதாவது 14.29 சதவீதம். பத்து ஆண்டுக்கு ஒரு முறை வரும் உயர்வு அவ்வளவுதான்.

அந்த 18,000 எப்படி வந்தது என்பதில் ஒரு தமிழ்நாட்டுக் கதை இருக்கிறது. 1935 முதல் பத்து ஆண்டு காலம் குன்னூரில் இருந்த ஊட்டச்சத்து ஆய்வகத்துக்கு இயக்குநராக இருந்தவர் வாலஸ் அக்ராய்ட். மிதமாக உழைக்கும் ஓர் இந்தியருக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு உணவு வேண்டும் என்று அவர் வகுத்துக் கொடுத்த அளவுகளின் மேல்தான் 1957ஆம் ஆண்டின் 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு தேவை சார்ந்த குறைந்தபட்சக் கூலியைக் கட்டியது. ஆள் ஒன்றுக்கு 2,700 கலோரி. ஒரு குடும்பம் என்றால் மூன்று அலகு: கணவனுக்கு 1, மனைவிக்கு 0.8, இரண்டு குழந்தைகளுக்குத் தலா 0.6. வருடத்துக்கு 72 கஜம் துணி. விறகு, விளக்குக்கு 20 சதவீதம். சென்னையில் ஆலை வைத்திருந்த ரெப்டகோஸ் பிரெட் நிறுவனத் தொழிலாளர்களின் வழக்கில் 1991இல் உச்ச நீதிமன்றம், பிள்ளைகளின் படிப்பு, மருத்துவம், பண்டிகை, கல்யாணம் ஆகியவற்றுக்காக இன்னும் 25 சதவீதம் சேர்க்கவேண்டும் என்றது.

ஏழாவது ஊதியக் குழுவும் இதே முறையில்தான் கணக்குப் போட்டது. ஒரு குடும்பத்துக்கு மாதத்துக்கு அரிசியோ கோதுமையோ 42.75 கிலோ. பருப்பு 7.2 கிலோ. பால் 18 லிட்டர். எண்ணெய் 3.6 கிலோ. முட்டை 90. இப்படி ஒவ்வொரு பொருளாக எழுதி, தொழிலாளர் பணியகம் தரும் விலையில் பெருக்கி, மற்ற செலவுகளுக்குச் சதவீதம் கூட்டி, கடைசியில் 18,000. சங்கங்களின் வாதமும் இந்தப் பட்டியலை வைத்துத்தான். பணியகத்தின் பட்டியலில் இருக்கிற விலைக்கு எந்தக் கடையிலும் பருப்பு கிடைக்காது என்றன. உச்ச நீதிமன்றம் சொன்ன 25 சதவீதத்தைக் குழு 15 ஆகக் குறைத்துவிட்டது என்றன. நியாயமான வாதம். பொதுத்துறைச் சம்பளச் சண்டை என்றால் பெரிய பெரிய கோடிகளாகத் தலைப்பில் வரும். உள்ளே போய்ப் பார்த்தால் ஒரு மளிகைச் சீட்டு. மூன்று அலகுக் குடும்பத்தில் வயதான தாய், தகப்பனுக்குச் சோறு ஒதுக்கவில்லை என்பதும் அதில் தெரியும். மனைவிக்கு 0.8 என்று எழுதியது யாருடைய பசியை அளந்து என்பதும் கேட்கவேண்டிய கேள்விதான்.

வாக்கெடுப்பில் மிகப் பெரும்பான்மை வேலைநிறுத்தத்தின் பக்கம் நின்றது. ரயில்வே, பாதுகாப்புத் துறை, அஞ்சல் என்று மத்திய அரசு ஊழியர் அமைப்புகள் சேர்ந்த தேசியக் கூட்டு நடவடிக்கைக் குழு ஜூன் 9 அன்று நோட்டீஸ் கொடுத்தது. ஜூலை 11 காலை 6 மணி முதல் காலவரையற்ற வேலைநிறுத்தம். ஜூன் 29 அன்று மத்திய அமைச்சரவை, ஊதியக் குழுவின் 18,000 ரூபாயை மாற்றாமல் ஏற்றது. 47 லட்சம் ஊழியர்களையும் 53 லட்சம் ஓய்வூதியர்களையும் தொடும் முடிவு. மறுநாள் உள்துறை அமைச்சர் ராஜ்நாத் சிங்கின் வீட்டில் சங்கத் தலைவர்களோடு பேச்சு. நிதியமைச்சர் அருண் ஜேட்லியும் ரயில்வே அமைச்சர் சுரேஷ் பிரபுவும் இருந்தார்கள். குறைந்தபட்சச் சம்பளத்தை ஓர் உயர்நிலைக் குழு மறுபடி பார்க்கும் என்று வாக்குக் கொடுத்தார்கள். ஜூலை 6 அன்று தலைவர்கள் வேலைநிறுத்தத்தை ஒத்திவைத்தார்கள்.

18,000 அதற்குப் பிறகு ஒரு ரூபாய்கூடக் கூடவில்லை.

ஒத்திவைத்த தலைவர்களைக் குறை சொல்வது எளிது. ஆனால் அவர்கள் மனதில் வரலாறு இருந்திருக்கும். ஜூலை 11 என்ற தேதியே பழைய காயம். 1960இல் இரண்டாவது ஊதியக் குழு 80 ரூபாய் குறைந்தபட்சம் என்று சொன்னதை எதிர்த்து, 125 ரூபாய் கேட்டு, மத்திய அரசு ஊழியர்கள் வேலையை நிறுத்தியது அதே ஜூலை 11 நள்ளிரவில்தான். நேரு அரசு அவசரச் சட்டம் போட்டது. ஐந்தே நாளில் போராட்டம் முடிந்தது. 1974 மே 8 அன்று தொடங்கிய ரயில்வே வேலைநிறுத்தம் இன்னும் பெரியது. மங்களூரில் பிறந்த ஜார்ஜ் பெர்னாண்டஸ் அப்போது ஏ.ஐ.ஆர்.எஃப். தலைவர். தொடங்குவதற்கு ஆறு நாள் முன்பே அவரைக் கைது செய்தார்கள். பெரம்பூரிலும் பொன்மலையிலும் ரயில்வேக் குடியிருப்புகளில் போலீஸ் நுழைந்த நாட்களைப் பழைய தொழிலாளர் குடும்பங்கள் இன்னும் பேசுகின்றன. இருபது நாளில், எதுவும் கைக்கு வராமல், வேலைநிறுத்தத்தைத் திரும்பப் பெறவேண்டி வந்தது. வேலை போனவர்கள் ஆயிரக்கணக்கில். தமிழ்நாட்டில் 2003 ஜூலையில் அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலையை நிறுத்தியபோது அரசு ஏறத்தாழ 1.7 லட்சம் பேரை ஒரே வீச்சில் பணிநீக்கம் செய்தது. டி.கே. ரங்கராஜன் வழக்கில் அந்த ஆகஸ்ட் 6 அன்று உச்ச நீதிமன்றம், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமையும் இல்லை, சட்ட உரிமையும் இல்லை, தார்மீக உரிமையும் இல்லை என்று சொல்லிவிட்டது.

இத்தனையும் தெரிந்த தலைவர், அமைச்சர் கொடுத்த வாக்கைப் பிடித்துக்கொண்டு பின்வாங்கியதைப் புரிந்துகொள்ளலாம். ஏற்க முடியாதது வேறொன்று. பிப்ரவரியில் 'ஆம்' என்று சீட்டுப் போட்ட டிராக்மேனை ஜூலையில் யாரும் கேட்கவில்லை. போராட்டத்துக்குப் போகலாமா என்று கேட்க ஒரு பெட்டி வந்தது. திரும்பலாமா என்று கேட்க வரவில்லை. 2023 நவம்பரில் பழைய ஓய்வூதியத் திட்டத்துக்காக ரயில்வேயில் மறுபடி வாக்கெடுப்பு நடந்தது. மறுபடி மிகப் பெரும்பான்மை 'ஆம்'. 2024 மே 1 முதல் வேலைநிறுத்தம் என்று பேச்சு வந்தது, நடக்கவில்லை. அந்த ஆகஸ்ட் 24 அன்று அமைச்சரவை ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. 25 ஆண்டு வேலை பார்த்தவருக்குக் கடைசிப் பன்னிரண்டு மாதச் சராசரி அடிப்படைச் சம்பளத்தில் பாதி நிச்சயம். வாக்குச் சீட்டுகளின் அழுத்தம் அதில் கொஞ்சமேனும் இருந்தது என்று நம்ப இடமிருக்கிறது. கேட்டது பழைய திட்டம், கிடைத்தது இடைப்பட்ட ஒன்று. அதற்குச் சம்மதமா என்று அடுத்த சீட்டு வரவில்லை.

பிரிட்டனில் இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்டார்கள். அங்கே 1984 முதல் வாக்கெடுப்பு இல்லாத வேலைநிறுத்தத்துக்குச் சட்டப் பாதுகாப்பு கிடையாது. 2016இல் நிபந்தனையை இன்னும் இறுக்கினார்கள். பாதிப் பேராவது வாக்களித்திருக்கவேண்டும், முக்கியப் பொதுச் சேவைகளில் மொத்த வாக்காளர்களில் 40 சதவீதம் ஆதரவு இருக்கவேண்டும். இந்த நிபந்தனைகளோடு 2022இல் வாக்களித்த செவிலியர்கள் டிசம்பரில் வேலையை நிறுத்தினார்கள். தேசியச் சுகாதாரச் சேவையின் வார்டுகளில் கேரளத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் போன செவிலியர்கள் நிறைய என்பதால் இந்தச் சண்டை நமக்கும் தூரத்துச் செய்தி இல்லை. 2023 மார்ச்சில் அரசு ஒரு சம்பள உயர்வைச் சொன்னது. ராயல் காலேஜ் ஆஃப் நர்சிங் சங்கத்தின் தலைமை அதை ஏற்கலாம் என்று பரிந்துரை செய்து உறுப்பினர்களிடம் வாக்குக்கு விட்டது. 54 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். தலைமையின் பேச்சைத் தொண்டர்கள் தள்ளினார்கள், தலைமையும் அதற்குக் கட்டுப்பட்டது. ஜூனில் மறுபடி வேலைநிறுத்தத்துக்கு வாக்கெடுப்பு. வாக்களித்தவர்களில் 84 சதவீதம் 'ஆம்'. ஆனால் வாக்களித்தவர்கள் 43 சதவீதம்தான். 50ஐத் தொடவில்லை. போராட்டம் அங்கேயே நின்றது.

அந்த 50 சதவீதக் கட்டாயம் சங்கத்தின் கையைக் கட்டுவதற்கென்றே வந்தது என்று பிரிட்டிஷ் சங்கங்கள் சொன்னதில் உண்மை உண்டு. கேட்பது ஒன்று, கேட்டதற்குக் கிடைத்த பதிலை எண்ணாமல் விடுவது வேறு. இந்தியாவில் வாக்கெடுப்பைப் பற்றிப் பேசும் யாரும் இந்த ஆபத்தை மறக்கக்கூடாது. நிர்வாகம் வாக்கெடுப்பைக் கேட்பது பெரும்பாலும் தாமதிக்கத்தான்.

நம் நாட்டுச் சட்டத்தில் இதற்கு என்ன இடம்? 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம் நோட்டீசைப் பற்றிப் பேசியது, சமரசத்தைப் பற்றிப் பேசியது, வாக்கெடுப்பைப் பற்றி வாய் திறக்கவில்லை. மகாராஷ்டிரத்தில் மட்டும் 1971இல் வந்த ஒரு சட்டம், அங்கீகாரம் பெற்ற சங்கம் தன் உறுப்பினர்களில் பெரும்பான்மையோரின் வாக்கைப் பெறாமல் நோட்டீஸ் கொடுத்தால் வேலைநிறுத்தம் சட்டவிரோதம் என்றது. மற்ற இடங்களில் வாக்கெடுப்பு என்பது சங்கம் தானாகக் கடைப்பிடிக்கும் வழக்கம். ரயில்வேயிலும் பாதுகாப்புத் துறை ஆலைகளிலும் அது வேரூன்றிவிட்டது. 2020 ஜூனில் படைக்கலத் தொழிற்சாலைகளில், ஆவடியிலும் திருச்சியிலும் அருவங்காட்டிலும்கூட, வாக்கெடுப்பு நடந்தது. ஏறத்தாழ எல்லோருமே வேலைநிறுத்தத்தின் பக்கம் என்று அங்குள்ள சங்கங்கள் அறிவித்தன. 2021இல் அரசு அத்தியாவசியப் பாதுகாப்புச் சேவைகள் சட்டம் கொண்டுவந்து அந்தத் துறையில் வேலைநிறுத்தத்தையே தடை செய்தது. அக்டோபர் 1 அன்று 41 தொழிற்சாலைகள் ஏழு நிறுவனங்களாகின. வாக்குப் பெட்டி வெற்றிக்கு உத்தரவாதம் தராது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

அப்படியானால் எதற்கு இந்தப் பெட்டி? கர்நாடகத்தின் அரசுப் பேருந்து ஊழியர்களைப் பார்த்தால் விளங்கும். 2021 ஏப்ரல் 7 முதல் இரண்டு வாரம், மாநிலத்தின் ஆறாவது ஊதியக் குழுவின்படி அரசு ஊழியருக்கு இணையான சம்பளம் கேட்டு நான்கு போக்குவரத்துக் கழகங்களின் ஊழியர்கள் பஸ்ஸை நிறுத்தினார்கள். பணிநீக்கமும் இடமாற்றலும் வந்தன. பழைய சங்கங்கள் ஒரு பக்கம், புதிதாக வந்த கூட்டமைப்பு ஒரு பக்கம் என்று இழுபறி. நாங்கள்தான் தொழிலாளியின் குரல் என்று இரண்டு தரப்பும் சொன்னது. எந்தத் தரப்புக்கும் எண்ணிக் காட்ட ஓர் எண் இல்லை. 2025 ஆகஸ்டில் 38 மாத நிலுவைக்காகவும், 2024 ஜனவரி முதலான சம்பள உயர்வுக்காகவும் மறுபடி நோட்டீஸ். நிலுவை மட்டும் 1,785 கோடி ரூபாய் என்பது சங்கங்களின் கணக்கு. 4ஆம் தேதி உயர் நீதிமன்றம் தடை போட்டது. 5ஆம் தேதி காலை பல பஸ்கள் ஓடவில்லை, சில ஓடின. நீதிமன்றம் எச்சரித்ததும் போராட்டம் நின்றது. டிப்போ டிப்போவாக வாக்கெடுத்து, ஓட்டுநர் நடத்துநர்களில் இத்தனை பேர் 'ஆம்' என்றார்கள் என்று ஒரு எண்ணை மேசையில் வைத்திருந்தால் நீதிமன்றத்தின் தடை வந்திருக்காது என்று சொல்ல முடியாது. ஆனால் அமைச்சரால் சங்கங்களுக்குள் சண்டை என்று தட்டிக்கழித்திருக்க முடியாது.

எண்ணிக்கை தெளிவாக இருந்தால் காரியம் எப்படி நடக்கும் என்பதற்கும் பெங்களூரிலேயே உதாரணம் இருக்கிறது. 2023 மார்ச் 1 அன்று கர்நாடக அரசு ஊழியர் சங்கம் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. சட்டமன்றத் தேர்தல் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருந்தது. ஒரே சங்கம், ஒட்டுமொத்த ஊழியர்களும் பின்னால். அன்று பொழுது சாய்வதற்குள் 17 சதவீத இடைக்கால நிவாரணம் கிடைத்தது. அதே மாதம் போக்குவரத்துக் கழக ஊழியருக்குக் கிடைத்தது 15.

2025 நவம்பர் 21 முதல் தொழிலுறவுத் தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதன் 62ஆம் பிரிவுப்படி, முன்பு பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்கு மட்டும் இருந்த நோட்டீஸ் கட்டாயம் எல்லாத் தொழிலகங்களுக்கும் விரிந்துவிட்டது. நோட்டீஸ் கொடுத்து 14 நாள் ஆகாமல் வேலையை நிறுத்தக்கூடாது. சமரசம் நடக்கும்போதும் அது முடிந்து 7 நாளைக்கும் நிறுத்தக்கூடாது. ஐம்பது சதவீதமோ அதற்கு மேலோ தொழிலாளர்கள் ஒரே நாளில் விடுப்பு எடுத்தால் அதுவும் வேலைநிறுத்தம்தான். 2016 ஏப்ரலில் ஓசூர் சாலையில் உட்கார்ந்த பெண்கள் இன்று அதைச் செய்தால் முதல் நிமிடத்திலேயே அது சட்டவிரோதம். 51 சதவீதத் தொழிலாளர்களை உறுப்பினராகக் கொண்ட சங்கத்தோடு மட்டும்தான் நிர்வாகம் தனியாகப் பேசவேண்டும் என்கிறது தொகுப்பு. ஒப்பந்தத் தொழிலாளியும், ஆறு மாதத்துக்கு ஒரு ஆலை மாறுகிறவளும் அதில் எந்தக் கணக்கில் வருவார்கள்?

ரயில்வேயில் எட்டாவது ஊதியக் குழுவின் அறிக்கைக்காகக் காத்திருக்கிறார்கள். நீதிபதி ரஞ்சனா பிரகாஷ் தேசாய் தலைமையிலான அந்தக் குழுவுக்கு 18 மாத அவகாசம். பருப்பு, பால், எண்ணெய், 90 முட்டை எல்லாம் இன்னொரு முறை விலை போட்டு எழுதப்படும். அந்த எண் பிடிக்காவிட்டால் ஹீலலிகே வழியாகப் போகும் பாதையில் வேலை பார்ப்பவரிடம் மறுபடி ஒரு சீட்டு வரும். இந்த முறை சங்கங்கள் வேலைநிறுத்தத்தைக் கைவிடும் முன்னும் ஒரு சீட்டுக் கொடுக்கவேண்டும். நிறுவனத்துக்கு வெளியே, நிர்வாகத்தின் கை படாமல், குறைந்தபட்ச வாக்குப்பதிவு என்ற தடை இல்லாமல் அதே உரிமை பொம்மசந்திராவின், ஹெப்பகோடியின் ஆலைகளில் மிஷினில் உட்காரும் பெண்களுக்கும் வேண்டும். அதற்குச் சங்கங்கள் ஷிப்ட் முடிகிற நேரத்தில் ஆலை வாசலுக்குப் பெட்டியோடு போகவேண்டும். தொகுப்பின் கீழ் தன் விதிகளை வகுக்கும்போது, அப்படிப் பெட்டியோடு நிற்பவரை வாசலிலிருந்து விரட்டக்கூடாது என்று எழுதிவைக்க மாநில அரசுக்கு ஒரு வரி போதும்.